லைகா வேஷம் போட்ட ஃபெட்டும், யாரும் கண்டுக்காத ஒரு காகித வளையமும்

பழைய கேமரா விக்கிற சைட் எதுலயாவது "தங்க லைகா"னு தேடிப் பாருங்க, மஞ்சளா பளபளன்னு ஒரு கேமரா வரும், சுத்தி பல்லித்தோலோ பாம்புத்தோலோ ஒட்டிருக்கும், மேல் தகட்டுல கழுகு, அதுக்குக் கீழ "பெர்லின் ஒலிம்பியாடா 1936"னு எழுத்து, சில நேரம் பாடி முழுக்க மரத்துல இழைச்ச மாதிரி கூட இருக்கும். விலை மட்டும் சந்தேகப்படற அளவுக்குக் கம்மியா இருக்கும். அது லைகாங்கற ஜெர்மன் கேமரா இல்லங்க. உக்ரைன்ல கார்கிவ்ல செஞ்ச ஃபெட், இல்லன்னா மாஸ்கோ பக்கத்துல கிராஸ்னகோர்ஸ்க்ல செஞ்ச சோர்க்கி. பழைய எழுத்தைத் தேய்ச்சு எடுத்துட்டு, புதுசா லைகான்னு வெட்டி, முலாம் பூசி, தோல் ஒட்டி அனுப்பி விட்டிருப்பாங்க.

ஏமாத்து வேலைதான், அதுல சந்தேகமே வேணாம், ஆனா வேலைன்னு மட்டும் பாத்தா இன்னிக்கு ஃபிலிம் ஆளுங்க ஆசையா பண்ற "கஸ்டம் ரேஞ்ச்ஃபைண்டர்" (ரேஞ்ச்ஃபைண்டர்னா தூரத்தை அளந்து ஃபோகஸ் வைக்கற கேமரா) வேலையும் இதேதான். தகட்டைக் கழட்டு, குரோமை எடு, பெயிண்ட் அடி, தோல் மாத்து. வித்தியாசம் கடைசில அந்தப் பேரை மாத்துறோமா இல்லையாங்கறதுல மட்டும்தான் இருக்கு. அதனால இந்த ரெண்டையும் சேத்து வச்சுதான் பேசணும். என்னைக் கேட்டா இதைவிட முக்கியமானது ஒண்ணு உண்டு. இந்த மேல்வேலையைப் பத்தி எல்லாரும் பேசறாங்க, ஆனா இந்தக் கேமராவுல நிஜமாவே நம்ம கைக்கு ஏத்த மாதிரி மாத்த வேண்டியது உள்ள இருக்கு, அது ஃபோட்டோவுல தெரியாது, அதனால யாரும் தொடறதில்ல.

முதல்ல ஏன் ஃபெட்டும் சோர்க்கியும்? அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும். ஜெர்மனில வெட்ஸ்லார்ல எர்ன்ஸ்ட் லைட்ஸ் கம்பெனில ஆஸ்கர் பார்னாக் டிசைன் பண்ண லைகா 1925ல லைப்சிக் சந்தைல வெளிய வந்துச்சு. அதுல ஃபோகஸை கண்ணால மதிப்பிட்டு வைக்கணும், லென்ஸும் கழட்ட முடியாது. அப்புறம் லென்ஸ் மாத்தற வசதி வந்துச்சு, 1932ல லைகா 2 வந்தப்ப ரேஞ்ச்ஃபைண்டரையே லென்ஸோட இணைச்சுட்டாங்க, லென்ஸைத் திருப்பினா ஜன்னல்ல தெரியற ரெட்டை உருவம் நகரும், ரெண்டும் ஒண்ணா சேர்ற இடத்துல ஃபோகஸ் சரி. இதைத்தான் சோவியத்காரங்க எடுத்து வச்சு அச்சு அசலா பிரிச்சுப் பாத்தாங்க.

பிரிச்சுப் பாத்த இடம்தான் சுவாரஸ்யம். அது கேமரா கம்பெனியே இல்ல. ரஷ்ய உள்நாட்டுப் போர்ல அனாதையாகி தெருவுல திரிஞ்ச பசங்களுக்காக கார்கிவ்ல 1927ல ஒரு கம்யூன், அதாவது சேந்து தங்கி வேலை செய்யற விடுதி ஆரம்பிச்சாங்க, ஆன்டன் மகரென்கோங்கற ஆசிரியர் அதை நடத்தினாரு. பேரு ஜெர்ஜின்ஸ்கி கம்யூன், சோவியத் ரகசிய போலீஸை ஆரம்பிச்ச ஃபெலிக்ஸ் எட்முண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கி பேருதான் அது, அவரோட மூணு முதல் எழுத்தைச் சேத்தாதான் ஃபெட். அங்க பசங்க மொதல்ல மின்சார துளைப்பான் செஞ்சாங்க, 1934ல இருந்து கேமரா வரிசையா வர ஆரம்பிச்சுச்சு. பதினாலு பதினஞ்சு வயசுப் பசங்க லைகாவை நகல் எடுத்து செஞ்ச கேமரான்னா நம்பவே முடியாது, ஆனா அதுதான் நடந்துச்சு. 1941ல ஜெர்மன் படை கார்கிவுக்கு வந்தப்ப ஆலையை சைபீரியா பக்கம் நகத்திட்டாங்க. போர் முடிஞ்சு கிராஸ்னகோர்ஸ்க் ஆலைக்கும் அந்த வேலை போச்சு, 1948ல இருந்து அங்க செஞ்சது சோர்க்கின்னு பேர் எடுத்துச்சு. அதுக்கப்புறம் அளவுகணக்கே இல்ல, சோர்க்கி 4 மட்டுமே 17 லட்சத்துக்கு மேல செஞ்சிருக்காங்க, ஃபெட் 2வும் அதோட போட்டி போடற அளவுக்கு வந்துச்சு.

இந்த எண்ணிக்கைதான் கஸ்டம் வேலைக்கு அடிப்படை. நிஜ லைகா 3ஐ எடுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்க யாருக்கும் கை வராது. ஃபெட் 2ன்னா வரும். கெட்டுப்போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம், ரெண்டு கெட்டதை வச்சு ஒரு நல்லதா சேக்கலாம். உள்ள பேட்டரி கிடையாது, மின்சுத்து கிடையாது, துணில செஞ்ச ரெண்டு திரை, ஸ்பிரிங், பல்சக்கரம், ஒரு நெம்புகோல், அவ்ளோதான். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிஞ்ச யாரும் ஒரு ஞாயித்துக்கிழமைல மேல் தகட்டைக் கழட்டிடலாம். திருப்பி மாட்டறது வேற கதை, அதுக்கு வரேன்.

போருக்கு முந்தின ஃபெட்டுல ஒரு விஷயம் இருக்கு, இதைச் சொன்னாதான் மிச்சம் புரியும். லைகா 1931 வாக்குல லென்ஸ் மவுண்ட்டை ஸ்டாண்டர்ட் பண்ணிட்டான், அதாவது 39 மில்லிமீட்டர் மரை, லென்ஸ் வந்து உக்காற விளிம்புல இருந்து ஃபிலிம் வரைக்கும் சரியா 28.8 மில்லிமீட்டர். எந்த லைகா லென்ஸையும் எந்த லைகாலயும் மாட்டலாம். ஃபெட்டுல ஆரம்பத்துல அந்த ஒழுங்கு இல்ல, ஒவ்வொரு பாடிக்கும் ஒரு லென்ஸை ஆலைலயே கையால பொருத்தி விட்டாங்க, அந்த லென்ஸைக் கழட்டி அடுத்த பாடில போட்டா ஃபோகஸ் போயிடும். பொறந்தப்பவே கஸ்டம் கேமராதான் அது, வேற வழி இல்லாததால. போருக்கு அப்புறம்தான் 28.8க்கு ஒழுங்கா வந்தாங்க, ஆனா அப்பவும் "ஒழுங்கா"ங்கறதுக்கு உள்ள காகித வளையம் வச்சு சரிக்கட்டறதும் சேத்தி.

இப்ப மேல்வேலைக்கு வரலாம்.

கறுப்பு பெயிண்ட்டுக்கு ஏன் இவ்ளோ மவுசுன்னு கேட்டா, ஆரம்பகால லைகாக்கள் கறுப்பு எனாமல்தான், பித்தளை மேல நேரா அடிச்சது. 1933 வாக்குல குரோம் வந்துச்சு, எல்லாரும் அதுக்குப் போயிட்டாங்க, கறுப்புக் கேமரா பத்திரிகைக்காரங்களுக்குன்னு கொஞ்சமாத்தான் வந்துச்சு. பளபளப்பு ஆளைக் காட்டிக் கொடுக்கும்னுதான் ஃபோட்டோகிராஃபர் ஹென்ரி கார்த்தியே ப்ரெஸ்ஸோன் தன் குரோம் லைகா மேல கறுப்பு டேப் சுத்தி வச்சிருந்தாரு. யோசிச்சுப் பாத்தா இருபதாம் நூற்றாண்டோட பிரபலமான கேமரா கஸ்டம் வேலை ஒரு டேப் ரோல்தான், செலவு பத்து பைசா. அப்புறம் கை பட்டுப் பட்டு கறுப்பு தேய்ஞ்சு மூலைல பித்தளை தெரிய ஆரம்பிச்சா அது அனுபவத்தோட அடையாளம் ஆயிடுச்சு. இந்தப் பைத்தியம் எவ்ளோ தூரம் போச்சுன்னா, 2015ல லைகா கம்பெனியே பாடகர் லென்னி கிராவிட்ஸோட சேந்து ஆலைலயே கையால தேய்ச்சு பழசாக்கின கேமராவை 125 செட் மட்டும் செஞ்சு வித்தாங்க. புதுசு வாங்கி, அடுத்தவன் தேய்ச்சுக் கொடுத்த தேய்மானத்துக்கும் சேத்துக் காசு. எனக்கு இது சுத்தமா ஒத்துவரல, ஆனா விக்குது.

இதுல ஒரு பொருள் விஷயம் இருக்கு. பித்தளை தெரியணும்னா அடில பித்தளை இருக்கணும். 1984ல வந்த லைகா எம்6ல மேல் தகடு துத்தநாகத்துல வார்த்தது, அதுல என்ன தேய்ச்சாலும் அந்த மஞ்சள் வராது, சிலதுல பெயிண்ட்டுக்கு அடில குமிழ் குமிழா கிளம்பும். 2022ல எம்6ஐ திரும்ப விட்டப்ப தகட்டை பித்தளைக்கே மாத்திட்டாங்க. ஃபெட் 1, சோர்க்கி 1 மாதிரி பழைய மாடல்ல பித்தளைத் தகடுதான், மேல நிக்கலும் குரோமும். அதனாலதான் கறுப்பு அடிக்கறவங்க அதைத் தேடிப் பிடிக்கறாங்க.

ஆனா குரோம் மேல நேரா பெயிண்ட் அடிச்சா ரெண்டு பிரச்சனை. ஒண்ணு, ஒட்டாது, நகத்தால சுரண்டினாலே உரிஞ்சு வரும். ரெண்டாவது, தேய்ஞ்சா பித்தளை தெரியாது, வெள்ளி தெரியும், ஆசைப்பட்டது ஒண்ணு வந்தது ஒண்ணுன்னு ஆயிடும். அதனால குரோமை எடுக்கணும். இங்கதான் இணையத்துல தைரியமா ஆளுக்கொரு வழி சொல்றாங்க, காஸ்டிக் சோடாத் தண்ணில தகட்டைப் போட்டு மின்சாரம் விட்டா அஞ்சு நிமிஷத்துல போயிடும்னு. போயிடும்தான், ஆனா அந்தத் தண்ணி மஞ்சளா மாறும் பாருங்க, அது ஆறு இணைதிற குரோமியம், புற்றுநோய் வரவைக்கற சமாச்சாரம், அதைக் கொண்டுபோய் வீட்டு சிங்க்ல ஊத்தறவங்களை நினைச்சா பயமா இருக்கு. வீட்டுல பண்ற வேலை இல்ல இது. முலாம் பூசற பட்டறைல கொடுத்தா குரோமை எடுத்துக் கொடுத்துடுவாங்க, அவங்களுக்கு இது தினப்படி வேலை, கழிவை என்ன பண்ணணும்னு அவங்க தலைவலி. அதுக்கும் மனசில்லன்னா குரோமை நல்லா உப்புத்தாள் போட்டு சொரசொரப்பாக்கி, உலோகத்துல கடிச்சு ஒட்டற எட்ச் பிரைமர் ஒரு கை அடிச்சு, அதுக்கு மேல கறுப்பு அடிக்கலாம், வெள்ளி தெரியறதைப் பத்திக் கவலைப்படாதவங்களுக்கு இதுவே போதும்.

பெயிண்ட் மெல்லிசா ரெண்டு மூணு கை போதும். தடிமனா அடிச்சா தகட்டுல வெட்டியிருக்கற எழுத்து, எண்ணெல்லாம் மூழ்கிப் போயிடும். காஞ்சதுக்கு அப்புறம் அந்தப் பள்ளத்துல வெள்ளை எனாமலைத் தடவி, மேல்பரப்பைத் துணியால ஒரே திசைல துடைச்சா எழுத்துக்குள்ள மட்டும் வெள்ளை நிக்கும், பாக்க அம்சமா இருக்கும். சூட்டுல வச்சு இறுக்கற பெயிண்ட்டா இருந்தா தகட்டுல இருக்கற கண்ணாடி எல்லாத்தையும் முன்னாடியே எடுத்துடணும், சமையல் ஓவன்ல வைக்கவே கூடாது.

தோல் வேலை இதைவிட சுலபம், ஆனா அளவுல கோட்டைவிடுவாங்க. பழைய உறை வல்கனைட், அதாவது கெட்டி ரப்பர், வயசாயிட்டா பிஸ்கட் மாதிரி உடையும், சுரண்டி எடுத்துட்டு மிச்ச பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைக்கணும். காகிதத்துல அச்சு வெட்டி, லென்ஸ் மவுண்ட் ஓட்டை, செல்ஃப் டைமர் ஓட்டை எல்லாம் சரியா வந்துடுச்சான்னு பாத்துட்டு அப்புறம் தோல்ல வெட்டுங்க. தோல் அரை மில்லிமீட்டர் சொச்சம் போதும். ஃபெட் 2லயும் சோர்க்கி 4லயும் பின்பக்கம் முழுசா அடியோட சேந்து கழண்டு வரும், தடிமனான தோலை விளிம்பு வரைக்கும் இழுத்து ஒட்டினா அந்தப் பின்மூடி உக்காராது, உக்காராட்டி வெளிச்சம் கசியும், அழகா தோல் ஒட்டின கேமராவுல எல்லா ஃபிரேம்லயும் ஒரு ஆரஞ்சுக் கோடு விழும்.

தங்க லைகா பத்தி ஒரு வார்த்தை. 1929ல இருந்து 1931க்குள்ள லைட்ஸே தங்க முலாம் பூசி, பல்லித்தோல் ஒட்டி லக்சுஸ்னு கொஞ்சம் செஞ்சாங்க, நூறு கூட இருக்காது. அது இருக்கறதாலதான் இவ்ளோ போலி. ஆனா அந்த லக்சுஸ் செஞ்சது லைகா 1ல, அதுல இணைச்ச ரேஞ்ச்ஃபைண்டரே கிடையாது. நம்ம ஆளுங்க விக்கற "தங்க லைகா"வுல முன்னாடி மூணு ஜன்னல் முழிச்சுக்கிட்டு நிக்கும். முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கறதுன்னா இதுதான். இன்னும் உறுதியா கண்டுபிடிக்கணும்னா லென்ஸைக் கழட்டி மவுண்ட்டுக்குள்ள மேல்பக்கம் பாருங்க, லென்ஸோட பின்விளிம்பைத் தொட்டு நகர்ற ஒரு கை இருக்கும், லைகாவுல அந்தக் கை நுனில குட்டி உருளை சுத்தும், ஃபெட்லயும் சோர்க்கிலயும் உருளை இல்லாம ஆப்பு மாதிரி ஒரு முனை இருக்கும். மேல என்ன எழுதியிருந்தாலும் இந்த முனை பொய் சொல்லாது. முலாம் பூசறவங்க யாரும் இதை மாத்த மெனக்கெடறதில்ல.

என் அபிப்ராயம், பெயிண்ட் அடிங்க, தோல் மாத்துங்க, வேணும்னா பச்சைக் கலர்ல கூட அடிங்க, ஆனா ஃபெட்னு வளைவா ரஷ்ய எழுத்துல வெட்டியிருக்கறதை மட்டும் தேய்க்காதீங்க. அந்தக் கேமராவோட பாதிக் கதை அதுல இருக்கு. லைகான்னு வெட்டினா அது உங்க கேமராவும் இல்ல, லைகாக்காரன் கேமராவும் இல்ல.

சரி, இப்ப உள்ள.

தகட்டைக் கழட்டி பாடியோட வெளிக்கூட்டையும் எடுக்கணும்னா லென்ஸ் மவுண்ட் வளையத்தோட ஸ்க்ரூக்களைக் கழட்டுவீங்க. வளையத்தைத் தூக்கினதும் அடில மெல்லிசா, பழுப்பேறின காகிதத்துல வெட்டின வளையம் ஒண்ணோ ரெண்டோ ஒட்டிட்டு வரும். பாக்க சாதாரண பேக்கிங் மாதிரி இருக்கும், அழுக்கா வேற இருக்கும், நிறைய பேர் தூக்கிப் போட்டுட்டு சுத்தமா மாட்டிடுவாங்க. அந்தக் காகிதம்தான் உங்க கேமராவுக்கு 28.8 மில்லிமீட்டரைக் கொடுத்தது. ஆலைல ஒவ்வொரு பாடியையும் அளந்து, குறையற இடத்துக்கு அதை வச்சு சரி பண்ணிருக்காங்க. அதைத் தூக்கிப் போட்டா லென்ஸ் ஃபிலிமுக்கு அந்தக் காகிதத் தடிமன் அளவு கிட்ட வந்துடும், அப்புறம் முழுக்க ஃபோகஸ் தப்பு, ரேஞ்ச்ஃபைண்டர்ல மட்டும் எல்லாம் சரியா தெரியும். "ரஷ்யன் லென்ஸ் ஷார்ப்பே இல்ல"ங்கற புகார்ல எத்தனை இந்த மாதிரி காகிதம் தொலைஞ்ச கேஸோ.

சரியா இருக்கான்னு பாக்கறது ஃபெட் 2, சோர்க்கி 4ல சுலபம், பின்பக்கம் முழுசா கழண்டு வர்றதால. ஃபிலிம் ஓடற உள் தண்டவாளத்து மேல மங்கலான கண்ணாடித் துண்டையோ இழுத்துக் கட்டின டிரேசிங் பேப்பரையோ சொரசொரப்புப் பக்கம் லென்ஸைப் பாத்த மாதிரி வச்சு, ஷட்டரை பி-ல (அமுக்கற வரைக்கும் திறந்தே இருக்கற வேகம்) திறந்து பிடிச்சுட்டு, லென்ஸை முடிவிலில, அதாவது ரொம்ப தூரத்துக்கான குறில வச்சு, தூரத்துல இருக்கற ஒரு செல்ஃபோன் டவரைப் பாத்து, பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கணும். டவர் கம்பி கூர்மையா தெரியணும். தெரியலன்னா வளையத்தைக் கூட்டணும், குறைக்கணும். ஃபெட் 1, சோர்க்கி 1ல ஃபிலிமை அடிப்பக்கத்துல இருந்து சொருகணும், பின்பக்கம் திறக்காது, அதனால இந்த வழி நடக்காது. அதுல ஃபிலிம் முனையை நீளமா வெட்டிச் சொருகற தொல்லை வேற.

அடுத்தது லென்ஸ், இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. சோவியத் லென்ஸ்ல ஜூபிடர் வரிசை, ஜூபிடர் 8, ஜூபிடர் 3 எல்லாம் ஜெர்மனியோட ஸைஸ் கம்பெனி செஞ்ச சோன்னார் லென்ஸ் டிசைன்ல வந்தது. ஸைஸோட கான்டாக்ஸ் கேமராவுல "50 மில்லிமீட்டர்"னா நிஜ குவியத்தூரம் 52.4. லைகாவுல "50"ன்னா நிஜம் 51.6. ரெண்டு பேரும் 50னுதான் எழுதினாங்க. இந்த 0.8 வித்தியாசம் முடிவிலில ஒண்ணும் பண்ணாது, கிட்ட வர வர கடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு மீட்டர்ல இருக்கற முகத்தை ஃபோகஸ் பண்ண 51.6 லென்ஸ் முன்னாடி வர வேண்டியது 2.81 மில்லிமீட்டர், 52.4 லென்ஸ் வர வேண்டியது 2.90. ரேஞ்ச்ஃபைண்டர் கை லைகா கணக்குல 2.81 வந்ததுமே "சேந்துடுச்சு"ன்னு காட்டிடும். மிச்சம் 0.09 மில்லிமீட்டர். தலைமுடி தடிமன். ஆனா லென்ஸ் துவாரத்தை அகலமா திறக்கற எஃப் 2ல ஃபிலிம் கிட்ட மன்னிக்கற அளவு முன்னபின்ன 0.06தான், அதனால ஃபோகஸ் முகத்துக்கு மூணு சென்டிமீட்டர் பின்னாடி போய் உக்காரும், கண்ணுக்கு வச்சா கூர்மை காது பக்கமா நகந்துடும். சோவியத் லென்ஸை லைகா பாடிலயோ, லைகா கணக்குல அளவெடுத்த பாடிலயோ மாட்டறவங்க எல்லாருக்கும் வர்ற தலைவலி இது.

இதுக்கு மருந்தும் வளையம்தான். ஜூபிடர்ல கண்ணாடித் தொகுதி முழுசா ஒரு குழாய் மாதிரி தனியா கழண்டு வரும், அது ஃபோகஸ் சுத்துல உக்காற இடத்துல ஒரு உலோக வளையம் இருக்கும். அதைக் கொஞ்சம் தடிமனாக்கினா கண்ணாடி ஃபிலிம்ல இருந்து விலகும், கிட்டத்து ஃபோகஸ் சரியாகும். ஆனா 0.09 முழுசையும் அங்க கூட்டினா முடிவிலி போயிடும், மலை எடுத்தா மங்கலா வரும். அதனால ஆளு யாருன்னு பாத்துதான் வைக்கணும், நிறைய முகம் எடுக்கறவங்களுக்கு கிட்டத்துப் பக்கம் சாய்ச்சு, எஃப் 2லயே சுடறதா இருந்தா முழு அளவு, தெரு, நிலக்காட்சின்னு எடுக்கறவங்களுக்கு பாதி, அதாவது 0.04, 0.05 கிட்ட வச்சு மிச்சத்தை எஃப் 5.6க்கு மூடிக்கறது. கஸ்டம்னா எனக்கு இதுதான் கஸ்டம், உங்க கண்ணு எந்தத் தூரத்துல நிக்குதுன்னு கேட்டு அதுக்கு ஏத்த மாதிரி ஒரு லென்ஸை வெட்டித் தைக்கறது. வாங்கும்போது கவனிங்க, ஜெனித் எஸ்எல்ஆருக்கு (லென்ஸுக்குப் பின்னாடி முகம் பாக்கற கண்ணாடி வச்சு, லென்ஸ் வழியாவே பாக்கற சோவியத் கேமரா) வந்த எம்39 லென்ஸும் இதே மரைல திருகிப் போகும், ஆனா அதுக்கு ஃபிலிம் தூரம் 45.2, ரேஞ்ச்ஃபைண்டர் கையைத் தொடற விளிம்பும் இல்ல, இதுல ஒண்ணும் பண்ண முடியாது.

லென்ஸைப் பிரிக்கும்போது கிரீஸ் கெட்டியாகி சுத்த முடியாம இருந்தா, அதையும் லைட்டர் பெட்ரோல் போட்டுக் கழுவி புது கிரீஸ் வைக்கலாம், இண்டஸ்டார் 61ங்கற சோவியத் லென்ஸ்ல இது கிட்டத்தட்ட கட்டாயம். ஒரே எச்சரிக்கை, ஃபோகஸ் மரை ஒண்ணு இல்ல, பல மரை பக்கத்துப் பக்கத்துல ஓடும், ரெண்டு துண்டும் பிரியற அந்தக் கணத்துல எந்த இடம்னு ஊசியால கோடு போட்டுக்கணும், இல்லாட்டி திருப்பிச் சேக்கறப்ப எல்லா மரைலயும் நுழையும், ஒண்ணுல மட்டும்தான் சரியா நிக்கும்.

ரேஞ்ச்ஃபைண்டர் பக்கம் ஃபெட் 2க்கு ஒரு பெரிய பலம் இருக்கு, ரெண்டு ஜன்னலுக்கும் நடுவுல 67 மில்லிமீட்டர், பழைய ஸ்க்ரூ லைகாவுல 39 கிட்டதான். இந்த ஜன்னல் இடைவெளி கூடக்கூட துல்லியம் கூடும். ஆனா உள்ள இருக்கற பாதி வெள்ளி பூசின கண்ணாடி வயசாகி மங்கிடுது, ரெட்டை உருவம் தெரியவே மாட்டேங்குது. புது கண்ணாடித் துண்டு வாங்கி மாத்தலாம், மென்மையான வேலை, அதைவிட சுலபமா ஒண்ணு இருக்கு. வியூஃபைண்டர் ஜன்னல்ல நடுவுல, உள்பக்கமா, ரேஞ்ச்ஃபைண்டர் கட்டம் விழற இடத்துக்கு மட்டும் கலர் ஜெல்லட்டின் பேப்பர்ல சின்னதா ஒரு துண்டு வெட்டி ஒட்டிடணும். நேர் உருவம் அந்த இடத்துல இருட்டாகும், ரெண்டாவது உருவம் பளிச்னு எழும்பும். பாக்க அசிங்கம், வேலை பிரமாதம். மேல் தகட்டைக் கழட்டி மாட்டினா ரெட்டை உருவம் மேல கீழ விலகியிருக்கும், அதை சின்ன ஜன்னலோட கண்ணாடி வளையத்தைத் திருப்பி சரி பண்ணணும், அதுக்கப்புறம்தான் முடிவிலி ஸ்க்ரூ. வரிசை மாத்தினா ரெண்டையும் மாத்தி மாத்தி துரத்திக்கிட்டே இருப்பீங்க.

ஷட்டர் திரை ரப்பர் பூசின துணி. எஸ்எல்ஆர்ல இருக்கற மாதிரி ரேஞ்ச்ஃபைண்டர்ல லென்ஸுக்கும் திரைக்கும் நடுவுல தடுக்கற கண்ணாடி இல்ல, லென்ஸை சூரியனைப் பாத்து வச்சா லென்ஸே பூதக்கண்ணாடியா மாறி துணில ஊசி ஓட்டை போட்டுடும். இருட்டு ரூம்ல பின்னாடி டார்ச் அடிச்சுப் பாத்தா நட்சத்திரம் மாதிரி மின்னும். ஒண்ணு ரெண்டு இருந்தா வளையற கறுப்பு துணிப் பெயிண்ட்டை மெல்லிசா தொட்டு வைங்க, நிறைய இருந்தா திரையே மாத்தணும், அது தனி வித்தை, முதல் தடவை பண்றவங்க ரெண்டு திரையும் ஒரே வேகத்துல ஓடாம ஃபிரேம்ல ஒரு பக்கம் வெளுப்பு, ஒரு பக்கம் கறுப்புன்னு வாங்கிக் கட்டிக்குவாங்க. சோர்க்கி 4ல வேகம் மாத்தறதுக்கு முன்னாடி ஷட்டரை இழுத்துடணும், இழுக்காம வேகத்தைத் திருப்பினா உள்ள பல் போயிடும், இதை கஸ்டம் வேலைக்கு அனுப்பறப்ப ஒரு சீட்டுல எழுதி ஒட்டிடறது நல்லது.

யாஷிகா எலக்ட்ரோ 35, கேனனெட் மாதிரி ஜப்பான் ரேஞ்ச்ஃபைண்டர் வச்சிருக்கறவங்களுக்கு பாதிப் பிரச்சனை பேட்டரிதான், பழைய பாதரச பேட்டரி இப்ப கிடையாது. கேனனெட்டுக்கு 1.35 வோல்ட்டு, காது மிஷின்ல போடற ஜிங்க் ஏர் 675 பேட்டரி கிட்டத்தட்ட அதே அளவு வோல்ட் கொடுக்கும், எலக்ட்ரோவுக்கு 5.6 வேணும், 6 வோல்ட்டு பேட்டரியோட ஒரு ஸ்பிரிங் சேத்து இடத்தை நிரப்பினா ஓடும். லென்ஸ் கழட்ட முடியாததால மேல சொன்ன வளையக் கதை எதுவும் அதுல இல்ல.

கடைசியா ஒரு வேலை இருக்கு, எல்லாம் முடிச்சு மாட்டினதுக்கு அப்புறம். எந்த பாடிக்கு எந்த லென்ஸை வச்சு, வளையம் எவ்ளோ தடிமன், எந்த எஃப்ல, எவ்ளோ தூரத்துக்கு சரிக்கட்டினதுன்னு ஒரு துண்டுக் காகிதத்துல எழுதி ஃபிலிம் அறைக்குள்ள, ஃபிலிமை அமுக்கிப் பிடிக்கற அழுத்தத் தகட்டுல படாத இடத்துல ஒட்டிடுங்க. கேமராவை வித்துட்டா வாங்கறவன் வேற லென்ஸ் மாட்டுவான், மாட்டினா ஃபோகஸ் தப்பும், தப்புனா உங்க பெயிண்ட்டைத்தான் திட்டுவான்.